கதவுக்கு அந்தப் பக்கம் என் கிட்னி

கோவிட் முடிந்துவிட்டது என்று சிங்கப்பூரே முகக்கவசத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்ட வருடம் அது. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் மறுபடியும் முட்டிமோதத் தொடங்கியிருந்தது. புக்கிட் மேராவில் எங்கள் நான்கறை வீட்டில் மட்டும் கோவிட் முடியவில்லை. விருந்தாளியாக வந்தது, என் வீட்டுக்காரர் உடம்பில் நிரந்தரவாசியாகத் தங்கிவிட்டது.

எங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தேக்கா மார்க்கெட் மேல்மாடியில் ரவிக்கை தைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள். வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். குவீன்ஸ்டவுன், கிளமெண்டி பக்கம் பழைய அடுக்குமாடிப் புளோக்குகளில் லிஃப்ட் பாதியில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் இவரை அனுப்புவார்கள். போனவுடன் கருவிப்பெட்டியைத் திறக்க மாட்டார். கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த மாடி, சாப்பிட்டாச்சா, பையில் என்ன மீன் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பிப்பார். உள்ளே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் பயம் ஏறாது என்பது அவர் அனுபவம்.

அவருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தன. வருடக்கணக்கில் டயாலிசிஸ். பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே நிலையம் இருந்ததால் நடந்தே போய்வருவார். அந்த இயந்திரத்தை நம்பி இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். எங்கள் ஊர் வெயிலில் கூரை மேல் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறி வேலை பார்க்கிற ஆள், ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அது கரைந்துவிடுமே என்று பயந்து பயந்து சப்புவதை நான் பார்த்திருக்கிறேன். என் கிட்னி அவருக்குப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, நான் யோசிக்கக்கூட இல்லை. அவர்தான் யோசித்தார். வேண்டாம், வேண்டாம் என்று இழுத்தடித்து, கடைசியில் என் வாய்க்குப் பயந்து சம்மதித்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து உடம்பு தேறியபின் டாக்டர் அவரிடம், இனி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொன்னார். அன்று தேக்காவில் என் கடைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் ஒரு பெரிய மக் தே தாரிக், அதுதான் நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் டீ, வாங்கினார். நுரையோடு, மடமடவென்று குடித்தார். குடித்து முடித்து மக்கைக் கவிழ்த்துக் காட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான காட்சி எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவர் தினமும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். நம் உடம்புக்கு ஒரு காவல் உண்டு அல்லவா, வெளியிலிருந்து எது வந்தாலும் எதிர்த்து விரட்டுவதற்கு? அந்தக் காவலுக்கு என் கிட்னியும் அந்நியம்தான். விட்டால் அதையும் விரட்டிவிடும். ஆகவே காவலை அரைத்தூக்கத்தில் வைத்திருக்க அந்த மாத்திரைகள். என் கிட்னி அவருக்குள் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் அவருடைய காவல் தூங்க வேண்டும். இந்த ஏற்பாடு பல வருடம் எங்களுக்கு நன்றாகவே நடந்தது.

கோவிட் வந்து அதைக் கெடுத்தது. எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்துத் தொற்றியது. எனக்கு ஒரு வாரத்தில் போய்விட்டது. அவருக்குக் காய்ச்சல் விட்டது, ஆனால் பரிசோதனைக் குச்சியில் கோடு போகவில்லை. சில நாள் மங்கும், பிறகு பளிச்சென்று வரும். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள், நோய் எதிர்ப்புப் புரத ஊசி போட்டார்கள். தேறி வந்தார். கொஞ்ச நாளில் மறுபடி இருமல், மறுபடி கோடு. வாரங்கள் மாதங்களாயின.

அவர் பெரிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலேயே குளியலறை இருந்ததால் வெளியே வரும் தேவையே இல்லை. எனக்குத்தான் ஏற்கெனவே வந்து போய்விட்டதே, கதவைத் திறங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உனக்கு ஒண்ணுதான் இருக்கு. அதையும் கெடுத்துக்காத" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒற்றைக் கிட்னிக்காரி என்று என்மேல் அவ்வளவு கரிசனம். ஊரில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிற மனிதர், தன் வீட்டில் தானே உள்ளே இருந்துகொண்டு திறக்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

சாப்பாட்டுத் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட வேண்டும். போய்விட்டேன் என்று குரல் கொடுத்தபின்தான் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். முகக்கவசத்தோடு ஒரு கை வெளியே வந்து தட்டை எடுக்கும். எட்டிப் பார்த்தால் திட்டு விழும். நான் எட்டிப் பார்க்காத நாள் கிடையாது. தட்டை எடுக்கும் அந்த மணிக்கட்டைப் பார்ப்பதற்காகவே சில நாள் சாப்பாட்டை இரண்டு தட்டாகப் பிரித்து வைத்தேன்.

தீபாவளி நெருங்க நெருங்கக் கடையில் ரவிக்கைத் துணி மலையாகக் குவிந்தது. காலையில் போய்த் துணிகளை வாங்கிக்கொண்டு, தையலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மெஷினை அவர் அறைக் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். அவர் உள்ளே கட்டிலில் கிடந்தபடி மெஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நூல் அறுந்து நான் நிறுத்தினால் உடனே உள்ளேயிருந்து, "என்னாச்சு?" என்பார். "நூல் கோக்குறேன் லா, இருங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் சில நேரம் அந்த "என்னாச்சு" வேண்டும் என்பதற்காகவே சும்மா நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

தீபாவளியன்று காலையில் எங்கள் வீட்டில் அவர் தலையில் எண்ணெய் வைப்பது என் வேலை. கல்யாணமான வருடத்திலிருந்து தவறியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் வழிகிறது, காதில் போகிறது என்று குறை சொல்லிக்கொண்டே தலையைக் காட்டுவார். அந்த வருடமும் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக் கதவு முன்னால் வைத்தேன். சமையலறைக்குப் போகவில்லை. இன்றைக்கு ஒரு நாள் திறங்கள், வைத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன்.

அவர் திறக்கவில்லை. நான் விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர்தான், "நீ உள்ள போ. நான் எடுத்துக்கறேன். நீயும் இன்னொரு கிண்ணத்துல ஊத்திக்கிட்டு வந்து உக்காரு. சேர்ந்து வெப்போம்" என்றார். அப்படியே செய்தோம். நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அவரும் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்தார் என்பது கதவு லேசாக அசைந்ததில் தெரிந்தது. அவர் தலையில் அவரே தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. உச்சியில் நன்றாகத் தேயுங்கள் என்று நான் சொல்ல, தேய்க்கிறேன், தேய்க்கிறேன் என்று அவர் சொல்ல, என் கையிலிருந்த எண்ணெயை என்ன செய்வது என்று தெரியாமல் என் தலையிலேயே கொட்டிக்கொண்டேன். கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி உண்டு. விரலை நுழைத்தேன். ஈரத்துண்டு தட்டுப்பட்டது. உள்ளேயிருந்து துண்டு வைத்து அடைத்திருந்தார். காற்றுகூட என் பக்கம் வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார் பாவி மனிதர்.

அன்றைக்கு எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. என்னில் ஒரு பங்கு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அது அவரோடு உட்கார்கிறது, அவரோடு படுக்கிறது. நான் மட்டும் வெளியே. என் கிட்னி மேலேயே எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கிருமி மேலும் வந்தது. கட்டிய மனைவி தொட முடியாத மனிதரோடு அது மாதக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறது.

தீபாவளி முடிந்து சில நாளில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மெஷினை நிறுத்தினேன், "என்னாச்சு" வரவில்லை. கதவைத் தட்டினேன். பதில் வந்தது, ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உடம்பு முழுக்க மூடிய உடையில் வந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சக்கர நாற்காலியில் என்னைக் கடந்து போனபோது கையை மட்டும் உயர்த்தி, தள்ளிப் போ என்று சைகை காட்டினார்.

ஆஸ்பத்திரியில் தனி அறை. நான் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம். என்னைத் தின்றுகொண்டிருந்தது ஒரே கேள்வி. தீபாவளிக் கூட்டத்தில் நூறு பேர் மூச்சு படுகிற இடம் என் கடை. அவர் தேறிவந்த நேரத்தில் நான்தான் புதிதாக ஒரு கோவிட்டைத் துணி மூட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் வைத்து நீட்டிவிட்டேனோ? இதை யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் தொற்றுநோய்ப் பிரிவில் இருந்த ஒரு சீன டாக்டரம்மா. என்னைவிட இளையவர், அவசரமே இல்லாமல் பேசுகிறவர். நான் கேட்காமலே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, என்னை உட்காரவைத்து ஆங்கிலத்தில் எளிமையாகச் சொன்னார். முதல் மாதம் இவரிடம் எடுத்த கிருமியின் மரபணுவையும் இப்போது எடுத்த கிருமியின் மரபணுவையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். இப்போது ஊரில் சுற்றுவது வேறு வகை. இவருக்குள் இருப்பது அது இல்லை. முதலில் தொற்றிய அந்தப் பழைய கிருமியின் வாரிசுதான். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, இவர் உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்து மாறிப்போயிருக்கிறது என்றார். அப்படியானால் நான் கொண்டுவரவில்லையே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆனால் கிருமி எப்படி ஒரு ஆளுக்குள்ளேயே மாறும்? டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்தார். எனக்குப் படம் ஏறவில்லை. அவர் சொன்னது மட்டும் ஏறியது. கிருமிக்குத் தன்னைத் தானே நகல் எடுப்பது ஒன்றுதான் வேலை. நகல் எடுக்கும்போது அங்கங்கே சின்னச் சின்னப் பிசகு வரும். அது யோசித்துச் செய்வதில்லை, தானாக நேர்வது. பெரும்பாலான பிசகு உதவாது, அந்த நகல் அதோடு வீண். எப்போதாவது ஒரு பிசகு அதற்குத் தோதாக அமைந்துவிடும். அந்த நகல் பிழைத்து, அதிலிருந்து அடுத்த நகல்கள் கிளம்பும்.

இதைக் கேட்டதும் எனக்கு என் வாடிக்கையாளர் ஒருவர் ஞாபகம் வந்தார். அளவு ரவிக்கை கொண்டுவா என்றால், ஒவ்வொரு தீபாவளிக்கும் அதற்கு முந்தின வருடம் நான் தைத்ததையே அளவுக்குக் கொண்டுவருவார். என் கையும் மனிதக் கைதானே, ஒரு நூல் அளவு கூடும், குறையும். அடுத்த வருடம் அந்தக் கூடுதலோடு சேர்த்து அளவெடுப்பேன். பல வருடம் கழித்து ஒரு நாள் கழுத்து இறங்கிப்போய், தோள் நழுவுகிறது என்று கடைக்கு வந்து கத்தினார். எந்த ரவிக்கையில் பிழை என்று தேடினால் எதிலும் இல்லை. முதல் ரவிக்கையையும் கடைசி ரவிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது, இரண்டும் வேறு வேறு ஆளுக்குத் தைத்தது போல இருந்தன.

என் உடைந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஆமாம், அதேதான், ஆனால் இங்கே தையற்காரர்கள் கோடிக்கணக்கில், ஓய்வே கிடையாது என்றார். உங்களையும் என்னையும் போன்றவர்கள் உடம்பில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை, காவல் விழித்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் துடைத்துவிடும். உங்கள் கணவர் உடம்பில் காவல் அரைத்தூக்கத்தில் இருப்பதால் கிருமியை முழுக்கத் துடைக்க முடியவில்லை, அதற்குப் பெருகி மாறுவதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது. முன்பு போட்ட ஊசி மருந்து, தன் பிடிக்கு அகப்பட்ட கிருமியை எல்லாம் அழித்தது. அகப்படாத மாதிரி மாறியிருந்த கொஞ்சம் மிச்சம். இப்போது பெருகியிருப்பது அந்த மிச்சம்தான், அதனால் அதே ஊசியை மறுபடி போட்டுப் பயனில்லை என்றார். ரவிக்கையில் வளையம் இடம் மாறித் தைத்திருந்தால் கொக்கி எத்தனை நல்லதாக இருந்தும் மாட்டாது அல்லவா, அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

பிறகுதான் அவர் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். வைரஸ் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் மருந்து மட்டும் போதாது. தூங்குகிற காவலை எழுப்ப வேண்டும். அந்த மாத்திரைகளைக் குறைக்க வேண்டும், சிலவற்றை நிறுத்தவே வேண்டும். காவல் எழுந்தால் கிருமியை மட்டும் பார்த்து விரட்டாது. என் கிட்னியையும் பார்க்கும். அது தப்பலாம், தப்பாமலும் போகலாம். குறைக்காவிட்டால் நுரையீரல் தாங்காது.

கிட்னி டாக்டர்களும் இதையேதான் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டாராம். மாத்திரையைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன், வேறு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று படுத்துக்கொண்டாராம். ஏன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே போகிறேன் என்று நர்ஸிடம் கேட்டேன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வரும் தமிழ்ப் பெண். "அக்கா, உங்கள உள்ள விடாதீங்கன்னு ஐயா தெனமும் சொல்றாரு லா. ஒரு கிட்னிதான் இருக்காம் உங்களுக்கு" என்றார் தயங்கி. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர், முழு உடை போட்டுக்கொண்டால் போகலாம், நோயாளியை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றார். அந்த நர்ஸ் எனக்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். மேலங்கி, தலைக்கு உறை, இறுக்கமான கவசம், முகத்துக்குத் தடுப்பு, கையுறை. கையுறையின் விரல்களைக்கூட ஒவ்வொன்றாக அவரே இழுத்துச் சரிசெய்தார். என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னை அவ்வளவு பொறுமையாக அலங்கரிக்கவில்லை.

கதவு திறந்தது. மாதக்கணக்கில் என் முன்னால் திறக்காத கதவுகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அத்தனை மூடலிலும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரு உன்ன உள்ள விட்டது? வெளிய போ. உனக்கு ஒண்ணுதான்..."

"தெரியும். எனக்கும் எண்ணத் தெரியும்."

ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. அவர் மெல்ல, "மாத்திரைய நிறுத்துனா உன் கிட்னி போயிடும்ங்கறாங்க. உன் உடம்ப அறுத்துக் குடுத்தது. அதக் கொல்றதுக்கு நானே கையெழுத்துப் போடணுமா?" என்றார். கண்ணில் தண்ணீர்.

எனக்கு வந்தது கோபம். "நான் என்ன ஷோகேஸ்ல வெக்கறதுக்கா குடுத்தேன்? நீங்க தண்ணி குடிக்கணும்னு குடுத்தேன். அதப் பத்திரமா வெச்சுக்கிட்டே நீங்க போய்ட்டா, அதுவும் உங்களோட சேர்ந்து மண்டாய்லதான் எரியும். அப்புறம் நான் வீட்டுக்குப் போய் எந்தக் கதவுகிட்ட உக்காந்து தைக்கறது?" என்று கத்திவிட்டேன். கவசத்துக்குள் கத்தியதில் எனக்கே மூச்சு முட்டியது. வாசலில் நின்ற நர்ஸ் திரும்பி நின்றுகொண்டார். மண்டாய் மயானத்தின் பெயரை ஒரு நோயாளியின் காதுபட யார் சொல்வார்கள்?

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் போய் எனக்குப் பயம் வந்தது. அதிகமாகப் பேசிவிட்டோமோ, இனி இந்தக் கதவு திறக்காதோ என்று பட்டது. அப்போதுதான் அவருடைய வேலை ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். படுக்கையின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"ஹலோ. எந்த மாடி?"

மறுபடி தட்டினேன்.

"சாப்டாச்சா? இன்னிக்கு என்ன கலர் ஜெல்லி குடுத்தாங்க?"

இமை அசைந்தது. நான் விடாமல் பேசினேன். கழுத்து இறங்கின ரவிக்கைக் கதையைச் சொன்னேன். அந்த அம்மா மறுபடி அதே ரவிக்கையைத்தான் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று சொன்னேன். உங்கள் உடம்பிலும் இதுதான் நடக்கிறதாம், முதலில் வந்த கிருமியே இப்போது உங்களுக்குள் எட்டிப் பார்த்தால் தன் வாரிசுகளை அடையாளம் தெரியாது என்று சொல்லும் என்றேன். அவர் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"என் வித்தைய என்கிட்டயே காட்றியா?" என்றார்.

"உள்ள மாட்டிக்கிட்டது நீங்க. நான் வேற யார்கிட்ட காட்டறது?"

கையை நீட்டினார். மாதக்கணக்கில் வெறும் மணிக்கட்டாகப் பார்த்த கை. என் கையுறை போட்ட கைக்குள் வைத்துக்கொண்டேன். ரப்பர் வழியாகச் சூடு மட்டும் வந்தது. அந்தச் சூட்டை விட மனசில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர வரச் சொல்லு" என்றார்.

மாத்திரைகளைக் குறைத்தார்கள். வைரஸ் மருந்துகள் ஏறின. அதற்குப் பிந்தைய வாரங்களில் நான் இரண்டு செய்திகளுக்காகக் காத்திருந்தேன், இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின. மூச்சு சீராகிறது, கிருமி குறைகிறது என்று ஒரு பக்கம் சொல்வார்கள். சிறுநீர் குறைகிறது, இரத்தத்தில் கழிவு ஏறுகிறது என்று இன்னொரு பக்கம். ஒவ்வொரு நல்ல செய்திக்கும் என் இடுப்பில் இருந்த பழைய தழும்பில் கை தானாகப் போகும். கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா வந்து, கிருமி இல்லை, மறுபடி மறுபடி பார்த்துவிட்டோம், இல்லை என்றார். அதே நாளில் கிட்னி டாக்டர் வந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், கிட்னியைக் காப்பாற்ற முடியவில்லை என்றார்.

வெளியே வரும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இவருக்குள் மாறி மாறி உருவான அந்தக் கிருமியை அவர்கள் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. அது வெளியே பரவாமல் இவரோடு முடிந்துபோனதில் எல்லாருக்கும் நிம்மதி என்றார். நான் அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு வந்ததே ஒரு பெருமை! "கதவ நான் ஒழுங்கா சாத்துனேன், பாத்தியா?" என்றார். தீபாவளியன்று அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி நான் போட்ட சண்டை ஞாபகம் வந்து, பதில் பேசாமல் இருந்தேன். நான் பதில் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று தீபாவளி, பொங்கல் எதுவும் இல்லை, சாதாரண வார நாள். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து அவர் தலையில் எண்ணெய் வைத்தேன். வெறும் கையால். கண்ணில் வழிகிறது என்று குறை சொன்னார். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் வழியவிட்டேன்.

இப்போது மறுபடி டயாலிசிஸ். அதே பக்கத்துப் புளோக், அதே கீழ்த்தளம். மறுபடி தண்ணீர் அளந்துதான். தேக்காவில் கீழே போனால் அந்தச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் அவரும் பார்க்க மாட்டார், நானும் பார்க்க மாட்டேன். வேறு வழியாக மாடிக்கு ஏறிவிடுவோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இல்லை, எப்படியோ அப்படி ஒரு வழி பழகிவிட்டது.

வேலை செய்யாத கிட்னியைத் தொல்லை தராதவரை எடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் உள்ளேயே விட்டுவிட்டார்கள். வலப்பக்கம் அடிவயிற்றில் கையை வைத்தால் மேடாகத் தெரியும். டயாலிசிஸ் முடிந்து களைத்து வந்து மத்தியானம் அவர் கண்ணயரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்துக்கொள்கிறேன். தூக்கத்திலேயே அவர் கை வந்து என் கைமேல் படியும். நடுவில் கதவு இல்லை, கையுறை இல்லை, இது போதும் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நுரை ததும்பும் அந்தப் பெரிய மக்கை அவர் மடமடவென்று குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டுவதை இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிட மாட்டோமா என்று, அவர் உடம்புச் சூடு கையில் படும் ஒவ்வொரு முறையும் என் மனசு ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறது.